உங்களுக்குத் தெரியுமா? அஞ்சிய நெஞ்சும் உலர்ந்த நாவும்

காரைக்காலுக்குத் தெற்கேயுள்ள திருமலைராயன்பட்டினத்தில், 15ஆம் நூற்றாண்டில், அதிமதுர கவிராயரின் சவாலை ஏற்ற காளமேகப் புலவர், கீழே கொப்பரையில் எண்ணெய் கொதிக்க, கழுத்திலும் இடையிலும் கத்திகள் பிணைந்திருக்க, உறியில் அமர்ந்து, கேட்ட மாத்திரத்தில் வெண்பாக்களைப் பொழிந்தார் என்பது தனிப்பாடல் மரபு. அவருடைய கவித்துவத்தை வியப்போர் பலர். அந்நிலையிலும் அவர் நா உலரவில்லையே என்பதுதான் எனக்குப் பெருவியப்பு.

ஏனெனில், நெஞ்சில் பயம் புகுந்த க்ஷணமே பரிவு நரம்பு மண்டலம் மேலோங்க, நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை சுரக்கக்கூடிய உமிழ்நீர் குறைந்து, எஞ்சியதும் பிசுபிசுத்து, நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளுகிறது. இதை நம்பியே போலும், பண்டைய தர்மசாஸ்திரங்கள் 'தண்டுலம்' என்ற பரீட்சையை விதித்தன: குற்றம் சாட்டப்பட்டவன் அரிசியை மென்று துப்ப வேண்டும், துப்பியதில் இரத்தம் தெரிந்தாலோ உடல் நடுங்கினாலோ அவன் குற்றவாளி. சபையைக் கண்டு நடுங்கும் நிரபராதியின் வாயும் வறளுமே! அவ்வாறு தண்டனை பெற்றவர்களை எண்ணினால் மனம் பதைக்கிறது.

கவலை மாதக்கணக்கில் நீடித்தால், அமிலத்தைக் கழுவும் உமிழ்நீர் குறைவதால் பல் சொத்தையாகலாம். உறக்கத்தில் பல்லை நறநறவெனக் கடிப்பவருக்குக் காலையில் தாடை வலிக்கும். நாக்கெரிச்சலும் வாய்ப்புண்ணும் சிலரை வாட்டும். மனக்கலக்கத்துக்கு உட்கொள்ளும் மருந்துகளிலும் சில வாயை உலர்த்துபவை. அவற்றைத் தாமாக நிறுத்திவிடாமல், பல் வைத்தியரிடம் தம் மனக்கவலையையும், மனநல மருத்துவரிடம் வாய் வறட்சியையும் கூசாமல் சொல்லிவிடுவதே உசிதம்.