ஆறாவது படி

1976ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் தீபகற்ப மலேசியாவின் கத்தோலிக்க ஆலயங்களில் வழக்கத்துக்கு மாறான ஒன்று நடந்தது. கோலாலம்பூர், பினாங்கு, மலாக்கா-ஜொகூர் ஆகிய மூன்று மறைமாவட்டங்களின் ஆயர்களும் பாதிரியார்களும் தங்கள் ஆலயங்களை விட்டுவிட்டு, ஒரு மாத காலம் பினாங்கில் கூடினார்கள். ஆலயங்கள் பூட்டப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை வழிபாடுகளை அந்தந்த ஊர் மக்களே முன்னின்று நடத்தினார்கள். வாரம் முழுவதும் வேலைக்குப் போய் வந்த சாதாரணப் பெரியவர்கள் வேதத்தை வாசித்தார்கள், செபித்தார்கள், நோயாளிகளைப் போய்ப் பார்த்தார்கள்.

அந்தக் கூட்டத்திற்கு 'அஜோர்னமெந்தோ' என்று பெயர். 'காலத்திற்கு ஏற்பப் புதுப்பித்தல்' என்பது இந்த இத்தாலியச் சொல்லின் பொருள். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின்போது உலகெங்கும் பரவிய சொல் இது. லத்தீன் மொழியில் நடந்த பூசை தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் நடப்பதற்கு வழி திறந்ததும் அதே சங்கம்தான்.

ஏன் ஒரு மாதம்? அன்று நம் நாட்டில் பணியாற்றிய பாதிரியார்களில் பலர் வெளிநாட்டவர்கள். அவர்கள் இங்கே தங்குவதற்குக் கால வரம்பு வந்துவிட்டது. அவர்கள் போன பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கேள்வி எழுந்தது. அக்கம்பக்கத்தில் வாழும் மக்கள் சிறு சிறு குழுக்களாகக் கூடி, ஒருவர் விசுவாசத்தை ஒருவர் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று அந்தக் கூட்டம் முடிவு செய்தது. இதை முதன்மைப் பணியாகவே எடுத்துக்கொண்டார்கள். 1986இல் தொடங்கி பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை நடந்த மாநாடுகளிலும் இதே பேச்சு தொடர்ந்தது.

அந்தச் சிறு குழுவைத்தான் நாங்கள் 'பிஇசி' என்று சொல்கிறோம். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்கள் இதற்கு 'அன்பியம்' என்று அழகான பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு இப்போது இருபது வயது. இந்தக் குழுவில்தான் வளர்ந்தேன். கிறிஸ்துவர் அல்லாத நண்பர்கள், "ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறீர்களே, அப்புறம் எதற்கு வெள்ளிக்கிழமையும் ஒரு கூட்டம்?" என்று கேட்பதுண்டு. அதற்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

தோட்டத்தில் இருந்தது, தாமானில் காணாமல் போனது

நம் தமிழ் மக்களுக்கு இப்படிச் சேர்ந்து செபிப்பது முற்றிலும் புதியதல்ல. கோலாலம்பூர் புடுவில் உள்ள புனித அந்தோணியார் ஆலயம் 1910இல் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகவே உருவானது. சிங்கப்பூரில் ஓஃபிர் சாலையில் இருக்கும் லூர்து மாதா ஆலயம் அதற்கும் முன்பே, 1888இல், தமிழர்களுக்காகத் திறக்கப்பட்டது. ஆனால் பெரும்பாலோர் பட்டணத்தில் வாழவில்லை. ரப்பர் தோட்டத்து லயங்களில் வாழ்ந்தார்கள்.

தோட்டத்துச் சிற்றாலயத்திற்குப் பாதிரியார் எப்போதாவதுதான் வருவார். மற்ற நாள்களில் உபதேசியார் ஒருவர் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக் கொடுப்பார். மாலையில் லயத்து மக்கள் கூடி செபமாலை சொல்வார்கள். யார் வீட்டில் காய்ச்சல், யார் வீட்டில் அரிசி இல்லை, யார் பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அங்கே விசுவாசம் வேறு, வாழ்க்கை வேறு என்று பிரிந்திருக்கவில்லை.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறின, பல இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தார்கள். ஆலயம் பெரிதானது, கூட்டமும் கூடியது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அறுநூறு பேருக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவருக்குப் பக்கத்து நாற்காலிக்காரரின் பெயர் தெரியாது. பூசை முடிந்ததும் கார் நிறுத்துமிடத்திலிருந்து முதலில் யார் வெளியேறுவது என்பதில்தான் எல்லாருக்கும் அவசரம்.

பிஇசி அந்த இழப்பை ஈடுகட்ட வந்தது. ஒரு தாமானில், ஒரே பிளாட்டில் வாழும் பத்து பதினைந்து குடும்பங்கள் முறை வைத்து ஒவ்வொருவர் வீட்டிலும் கூடும். ஆலயத்தில் நமக்குப் பிடித்தவர்களோடு மட்டும் நின்று பேசிவிட்டு வந்துவிடலாம். இங்கே அப்படி முடியாது. பக்கத்தில் யார் குடியிருக்கிறாரோ அவர்தான் நம் ஆள்.

ஏழு படிகள்

கூட்டத்தில் என்னதான் செய்வோம்? பல பிஇசிகளில் 'ஏழு படிகள்' என்ற முறையைப் பின்பற்றுகிறார்கள். தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனத்தில் உருவாகி, ஆசிய நாடுகளுக்கும் வந்த முறை இது.

முதலாவதாக, ஒருவர் செபம் சொல்லி இறைவனை நம் நடுவே அழைப்பார். இரண்டாவதாக, நற்செய்தியிலிருந்து ஒரு பகுதி வாசிக்கப்படும். மூன்றாவது படியில், மனத்தில் பட்ட ஒரு சொல்லையோ தொடரையோ ஒவ்வொருவரும் மெதுவாகத் திரும்பச் சொல்வார்கள். நான்காவது, சில நிமிட மௌனம். ஐந்தாவது, அந்தச் சொல் ஏன் தன்னைத் தொட்டது என்று விருப்பமுள்ளவர்கள் பகிர்வார்கள். இங்கே பிரசங்கம் கிடையாது, விவாதம் கிடையாது, "நீ சொல்வது தப்பு" என்று யாரும் திருத்தவும் மாட்டார்கள். ஏழாவது படி, எல்லாரும் சேர்ந்து செபிப்பது.

இடையில் உள்ள ஆறாவது படிதான் முக்கியமானது. "சரி, இப்போது நாம் என்ன செய்ய வேண்டும்?" என்று குழு தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும் இடம் அது. யார், எப்போது, எதைச் செய்வது என்று அங்கேயே பேசி முடிவெடுக்க வேண்டும்.

எங்கள் குழுவில் ஆறாவது படி பெரும்பாலும் சின்னச் சின்ன வேலைகளாகத்தான் இருக்கும். சிறுநீரகச் சுத்திகரிப்புக்கு வாரம் மூன்று முறை போக வேண்டிய ஒரு ஐயாவை யார் காரில் கூட்டிப்போவது? கணவரை இழந்த ஆண்ட்டிக்குச் சமூக நல இலாகாவின் உதவிப் பாரத்தை யார் நிரப்பித் தருவது? எஸ்பிஎம் எழுதும் மூன்று பேருக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்க யாருக்கு நேரம் இருக்கிறது? இவற்றில் எதுவும் நாளிதழில் வராது. ஆனால் அடுத்த வாரக் கூட்டம் இதிலிருந்துதான் தொடங்கும். "போன வாரம் சொன்னதைச் செய்தோமா?" என்று யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்.

இந்தக் கேள்விதான் என்னை வளர்த்தது என்று நினைக்கிறேன். மறைக்கல்வி வகுப்பில் பத்துக் கட்டளைகளை மனப்பாடம் செய்தேன். ஆனால் பிறரை நேசிப்பதற்கு ஒரு நேரமும் ஒரு முகவரியும் உண்டு என்பதைக் கற்றுக்கொடுத்தது வெள்ளிக்கிழமைக் கூட்டம். தனியாக நல்லவனாக இருக்க முயன்றால் யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். சேர்ந்து முயலும்போது கேட்பார்கள். அந்தக் கேள்வியில் கோபம் இருக்காது, கரிசனம் இருக்கும்.

இரு மொழி பேசும் பிள்ளைகளின் வேலை

எங்கள் தாமானில் தமிழர்கள் மட்டும் இல்லை. சரவாக்கிலிருந்து வேலைக்கு வந்த ஈபான் குடும்பம் ஒன்று, சபாவிலிருந்து வந்த கடசான் இளைஞர்கள் இருவர், ஒரு சீனத் தம்பதியும் உண்டு. ஆகவே எங்கள் கூட்டத்தில் தமிழும் மலாயும் ஆங்கிலமும் மாறி மாறி ஒலிக்கும்.

ஐந்தாவது படியில் எண்பது வயதுப் பாட்டி தமிழில் பேசுவார். எதிரே இருப்பவருக்கு ஒன்றும் புரியாது. அப்போது எல்லாரும் திரும்பிப் பார்ப்பது எங்களைப் போன்ற பிள்ளைகளைத்தான். தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப் பள்ளிக்குப் போன நாங்கள்தான் பாட்டியின் பேச்சை மலாயில் சொல்ல வேண்டும், ஈபான் அண்ணனின் பதிலைத் தமிழில் சொல்ல வேண்டும். சொந்த மண்ணை விட்டு வந்த தனிமையைப் பற்றி அவர் ஒருநாள் பேசினார். நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் பாட்டி, "நாங்களும் அப்படி வந்தவங்கதான்னு அவர்கிட்ட சொல்லு தம்பி" என்றார். கப்பலேறி வந்த தன் அப்பாவை அவர் நினைத்துக்கொண்டார். அந்த வாக்கியத்தை மொழிபெயர்த்தபோது, எந்தத் தேர்வுக்காகவும் நான் மொழி படிக்கவில்லை என்று தோன்றியது.

எங்களிடம் இருக்கும் தமிழ் வேதம், 1995இல் வெளிவந்த 'திருவிவிலியம்' என்னும் பொது மொழிபெயர்ப்பு. பாட்டி கண்ணாடியைத் தேடும் சாக்கில் புத்தகத்தை எங்களிடம் நீட்டுவார். "தம்பி, நீ வாசி" என்பார். தடுமாறி வாசித்தாலும் யாரும் சிரிக்க மாட்டார்கள். தமிழ்ப் பாடத்தை ஆறாம் ஆண்டோடு விட்டுவிட்ட சில பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துகளைப் பார்க்கக் கிடைக்கும் ஒரே இடம் இதுதான்.

கதவு மூடிய நாள்களில்

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. 1976இல் மக்கள் இருந்தார்கள், பாதிரியார்கள் இல்லை. 2020இல் ஆலயத்திற்குள் மக்களே வர முடியவில்லை. அந்த ஆண்டு ஏப்ரல் 12இல் வந்த ஈஸ்டர் பெருவிழாவைக் கைத்தொலைபேசியில் பார்த்தோம்.

திரையில் பூசையைப் பார்க்கலாம். ஆனால் திரைக்கு நம்மைத் தெரியாது. தினக்கூலி நின்றுபோனவர் யார், தனியாக இருப்பவர் யார், யாருடைய நீரிழிவு மாத்திரை தீர்ந்துபோயிருக்கும் என்பதெல்லாம் குழுவுக்குத்தான் தெரிந்திருந்தது. எங்கள் புலனக் குழுவில் தினமும் ஒருவர் பெயர்ப்பட்டியலை வைத்துக்கொண்டு எல்லா வீட்டுக்கும் தொலைபேசியில் அழைப்பார். அனுமதிக்கப்பட்ட நேரத்தில் கடைக்குப் போனவர்கள் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து வாங்கி, பொருளை வாசலில் வைத்துவிட்டு வந்தார்கள். 1976இல் பினாங்கில் பேசி முடிவெடுத்தவர்கள் இந்தத் தொற்றைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் அன்று நட்ட மரத்தின் நிழலில்தான் நாங்கள் நின்றோம்.

இப்போது என்ன பிரச்சினை?

நல்ல விஷயங்களை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் கட்டுரை முழுமை பெறாது. எங்கள் குழுவில் பதினான்கு குடும்பங்கள் இருக்கின்றன. ஒரு வெள்ளிக்கிழமை கூட்டத்திற்கு வரும் இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்கள் மூன்று பேர், அதிகம் போனால் நான்கு பேர். ஆலயத் திருவிழாவுக்கு வந்து நாற்காலி அடுக்கும் இளையர்கள் நிறைய இருக்கிறார்கள். புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் ஆலயத்தில் ஜூலை மாதம் நடக்கும் திருவிழாவுக்குப் பேருந்து ஏற்பாடு செய்தால் இடம் போதாது. வீட்டுக் கூட்டத்தில்தான் நாற்காலிகள் காலியாக இருக்கின்றன. வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள். பக்கத்துத் தாமான் குழுவோடு சேர்த்துவிடலாமா என்ற பேச்சு இந்த ஆண்டு வந்துவிட்டது. சேர்த்தால் எண்ணிக்கை கூடும். ஆனால் நடக்க முடியாத பாட்டி அவ்வளவு தூரம் எப்படி வருவார்?

இளையர்கள் வராததற்குக் காரணம் சோம்பேறித்தனம் மட்டும்தான் என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான். கல்லூரி, பகுதிநேர வேலை, சிங்கப்பூருக்குத் தினமும் போய் வரும் ஷிப்ட் எல்லாம் இருக்கின்றன. அதோடு, ஐந்தாவது படியில் ஒரு பிள்ளை வாய் திறந்து தன் சந்தேகத்தைச் சொன்னால், அது உடனே அறிவுரை நேரமாகிவிடுகிறது. "எங்கள் காலத்தில்..." என்று ஒருவர் ஆரம்பித்துவிட்டால், அந்தப் பிள்ளை அடுத்த வாரம் வராது. யாரும் திருத்தக்கூடாது என்ற விதி வயது பார்த்து வகுக்கப்பட்டதல்ல.

நம் பக்கத்திலும் ஒரு குறை இருக்கிறது. நமக்கு இசை வேண்டும், முகாம் வேண்டும், நம் வயதுக்காரர்கள் வேண்டும். இவற்றில் தவறில்லை. ஆனால் நம் வயதுக்காரர்களோடு மட்டும் இருந்தால் ஆறாவது படியில் செய்வதற்கு வேலையே இருக்காது. காரில் கூட்டிப்போக ஐயா இருக்க மாட்டார், வாசிக்கச் சொல்லிப் புத்தகத்தை நீட்டப் பாட்டி இருக்க மாட்டார். முதல் கிறிஸ்துவர்களைப் பற்றித் திருத்தூதர் பணிகள் நூல் சொல்லும்போது, அவர்கள் வீடுகளில் கூடி உணவைப் பகிர்ந்ததையும், தேவைப்பட்டவருக்குத் தங்கள் உடைமையைக் கொடுத்ததையும் சேர்த்தே சொல்கிறது.

நாம் செய்யக்கூடியது

விடுமுறைக்கு வீடு திரும்பும் மாணவர்களுக்கு என் வேண்டுகோள் எளிமையானது. அந்த வாரக் கூட்டம் யார் வீட்டில் என்று கேளுங்கள். போய் உட்காருங்கள். பகிரப் பிடிக்காவிட்டால் பேச வேண்டாம், மௌனமும் ஒரு படிதான். ஆனால் ஆறாவது படி வரும்போது ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இணையத்தில் மருத்துவமனை முன்பதிவு, பாரம் நிரப்புவது, ஒரு பிள்ளைக்கு ஒரு மணிநேரப் பாடம் என்று உங்களால் முடிந்தது எதுவானாலும் சரி. பல்கலைக்கழகத்தில் இருப்பவர்கள், விடுதியில் நான்கு பேர் சேர்ந்தாலே போதும், ஏழு படிகளையும் ஏறிப் பார்க்கலாம். அதற்கு மண்டபமும் ஒலிபெருக்கியும் தேவையில்லை.

குழுவை நடத்தும் பெரியவர்களிடமும் ஒன்று கேட்கிறோம். மாதத்தில் ஒரு கூட்டத்தை எங்களிடம் ஒப்படையுங்கள். நாங்கள் தடுமாறுவோம். 1976 ஆகஸ்டில் முதல் முறையாக வழிபாட்டை நடத்திய உங்கள் தலைமுறையும் தடுமாறித்தான் கற்றிருக்கும்.

வேறு சமயத்தைச் சேர்ந்த நண்பர்களும் இந்தப் பக்கத்தை வாசிக்கிறீர்கள் என்று தெரியும். உங்கள் தாமான் கோயிலின் தேவார வகுப்பிலும், திருவிழா முடிந்ததும் கலைந்துவிடும் இளைஞர் குழுவிலும் இதே கேள்வி இருக்கத்தான் செய்யும். சேர்ந்து வணங்கிவிட்டு எழுந்த பிறகு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு நாம் என்ன செய்யப்போகிறோம்?

எங்கள் குழுவின் அடுத்த கூட்டத்தில் இணைப்பு பற்றிப் பேசி முடிவெடுக்கப் போகிறார்கள். அன்று எத்தனை இளையர்கள் வந்து உட்காருகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அந்த முடிவு அமையும்.