ஆண்டைப் பார்த்துவிட்டு அளவைப் பாருங்கள்

பள்ளியின் படிக்கட்டு எவ்வளவு அகலம் இருக்க வேண்டும்? சாய்தளம் எவ்வளவு நீளம்? கூரை கான்கிரீட்டின் வலிமை என்ன? இவையெல்லாம் பொறியாளரின் வேலை, நமக்கு எதற்கு என்று தோன்றலாம். ஆனால் வேலை நடக்கும் மாதங்களில் நாள்தோறும் பள்ளியில் இருப்பவர்கள் நாம்தான். பொறியாளர் இடையிடையே வந்து போவார். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் கேட்கும்போது எழுந்து நின்று பதில் சொல்பவர் தலைமையாசிரியர். கட்டி முடித்த பிறகு அந்தப் படிக்கட்டில் ஏறி இறங்குபவர்கள் நம் மாணவர்கள்.

இந்த அளவுகள் யாருடைய தனிக் கருத்தும் அல்ல. அவை எழுதி வெளியிடப்பட்டவை, யாரும் படிக்கக்கூடியவை. அவை எங்கே கிடைக்கின்றன, அச்சுப் புத்தகத்துக்கும் கணினிக் கோப்புக்கும் உள்ள வேறுபாடு என்ன, இரண்டையும் எப்படிக் கையாளலாம் என்பதை இக்கட்டுரையில் விளக்குகிறேன்.

விதிகள் எங்கே இருக்கின்றன?

இந்தியாவில் பொருள்களுக்கும் கட்டுமானத்துக்கும் தரநிலைகளை வகுக்கும் பணி 1947-ல் இந்தியத் தர நிறுவனம் தொடங்கப்பட்டதோடு ஆரம்பித்தது. 1987 முதல் அப்பணியை இந்திய தர நிர்ணய அமைவனம் செய்துவருகிறது. நாம் சுருக்கமாக பி.ஐ.எஸ். என்போம். அது வெளியிடும் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 1970-ல் முதலில் வந்தது. பிறகு 1983, 2005, 2016 ஆகிய ஆண்டுகளில் திருத்தி வெளியிடப்பட்டது. 2016 பதிப்பு இரண்டு தொகுதிகள்; இரண்டாயிரம் பக்கங்களுக்கு மேல்.

அத்தனையும் நமக்குத் தேவையில்லை. மூன்றாம் பாகம் கட்டடத்தின் பொதுத் தேவைகளையும் மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகளையும் சொல்கிறது. நான்காம் பாகம் தீப்பாதுகாப்பு. ஆறாம் பாகம் கட்டமைப்பு வடிவமைப்பு. இவை தவிர ஒவ்வொரு பொருளுக்கும் தனித் தரநிலைகள் உண்டு. கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456, நிலநடுக்கத்தைத் தாங்கும் வடிவமைப்புக்கு ஐ.எஸ். 1893 என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்.

விதித்தொகுப்பு ஒரு மாதிரி ஆவணம். மாநில விதிகள் அதை ஏற்கும்போதுதான் அது சட்டமாகிறது. நம் மாநிலத்தில் 2019-ம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. ஆகவே இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பள்ளிகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகளை இழந்தோம். அதையடுத்துத் தொடரப்பட்ட அவினாஷ் மெஹரோத்ரா வழக்கில் 2009-ல் உச்ச நீதிமன்றம், பள்ளிக் கட்டடங்கள் தேசியக் கட்டட விதித்தொகுப்பின் பாதுகாப்பு நெறிகளுக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்தப் புத்தகம் பொறியாளரின் அலமாரியோடு நின்றுவிடக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

புத்தகமாக மட்டும் இருந்த காலம்

நீண்ட காலம் தரநிலைகளை விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. 2005-ம் ஆண்டுக் கட்டட விதித்தொகுப்பின் விலை பத்தாயிரம் ரூபாய்க்கும் மேல். பொறியியல் கல்லூரி நூலகம், பொதுப்பணித் துறை அலுவலகம், சென்னை தரமணியில் உள்ள பி.ஐ.எஸ். அலுவலகம் என்று தேடிப் போய்ப் பார்க்க வேண்டும். பாதுகாப்பு பற்றிய விதிகளை மக்கள் இலவசமாகப் படிக்க முடிய வேண்டும் என்று 2015-ல் தில்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கே தொடரப்பட்டது.

இன்று நிலைமை மாறிவிட்டது. பி.ஐ.எஸ். இணையதளத்தில் பதிவு செய்துகொண்டால், இந்தியாவிலேயே வகுக்கப்பட்ட தரநிலைகளைக் கட்டணமின்றித் தரவிறக்கிக்கொள்ளலாம். ஐ.எஸ்.ஓ. போன்ற பன்னாட்டு அமைப்புகளிடமிருந்து அப்படியே ஏற்றுக்கொண்டவற்றுக்கு மட்டும் இந்தச் சலுகை பொருந்தாது. தரவிறக்கிய கோப்பு நம் சொந்தப் பயன்பாட்டுக்கு. அதை நகலெடுத்து விற்கவோ வெளியிடவோ கூடாது.

விலையும் தூரமும் தடையாக இருந்தது போய்விட்டது. இப்போது தடை வேறு இடத்தில் இருக்கிறது: கையில் இருப்பது எந்த ஆண்டின் பிரதி?

ஆண்டு ஏன் முக்கியம்?

தரநிலையின் பெயரை ஐ.எஸ். 456 : 2000 என்பதுபோல் எழுதுவார்கள். முதலில் வருவது அதன் எண். பிறகு வருவது அந்தப் பதிப்பின் ஆண்டு. பலர் எண்ணை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்கிறார்கள். ஆண்டு மாறினால் அளவும் மாறக்கூடும் என்பதற்கு இரண்டு சான்றுகள் தருகிறேன்.

முதலாவது கான்கிரீட். ஐ.எஸ். 456-ன் 1978 பதிப்பு, கம்பி கட்டிய கான்கிரீட்டுக்குக் குறைந்தபட்சம் எம்15 தரம் போதும் என்றது. 28 நாள் கழித்துச் சோதிக்கும்போது அந்தக் கான்கிரீட் கனசதுரம் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 15 நியூட்டன் அழுத்தம் தாங்க வேண்டும் என்று பொருள். 2000 பதிப்பு அதை எம்20 ஆக உயர்த்தியது. கொத்தனார்கள் வாயில் இன்றும் வரும் ‘ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு’ என்ற கலவை பொதுவாக எம்15-ஐ ஒட்டியது. எம்20-க்கு ‘ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று’ என்பார்கள். பழைய புத்தகத்தைக் காட்டி ஒருவர் ‘இது விதிப்படிதான்’ என்று சொன்னால், அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் அது 1978-ம் ஆண்டின் விதி.

இரண்டாவது நிலநடுக்க வரைபடம். ஐ.எஸ். 1893-ன் 1984 பதிப்பில் இந்தியா ஐந்து மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது; சென்னை இரண்டாம் மண்டலத்தில் இருந்தது. 2002 பதிப்பில் மண்டலங்கள் நான்காகக் குறைக்கப்பட்டு, சென்னை மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது. அதாவது கூடுதல் அதிர்வுக்கு ஈடுகொடுக்கும்படி கட்ட வேண்டும். பழைய வரைபடம் இன்னும் சில சமூக அறிவியல் கையேடுகளில் கண்ணில் படலாம்.

கோப்பும் பழையதாகும்

அச்சுப் புத்தகம் வெளிவந்த நாளோடு நின்றுவிடும், கணினிக் கோப்பு எப்போதும் புதியது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையில், தரவிறக்கிய அந்த நொடியிலேயே கோப்பும் புத்தகம்போல நின்றுவிடுகிறது. வாட்ஸ்அப் குழுவில் யாரோ அனுப்பிய கோப்பு எத்தனை கை மாறி வந்தது, எந்த ஆண்டுடையது என்று நமக்குத் தெரியாது. புதியதாக இருப்பது இணையதளத்தில் உள்ள பட்டியல்தான். அங்கேதான் ஒரு தரநிலை நடைமுறையில் உள்ளதா, விலக்கப்பட்டதா, எத்தனை திருத்தங்கள் வந்துள்ளன என்று பார்க்க முடியும்.

அச்சுப் பிரதிக்குத் திருத்தங்கள் தனித் தாள்களாக வரும். நூலகர் அவற்றை உள்ளே ஒட்டி வைப்பார். ஒட்டப்படாத பிரதி தோற்றத்தில் முழுமையாகவே இருக்கும். அட்டையில் ‘மறு உறுதி செய்யப்பட்டது’ என்று ஓர் ஆண்டு இருந்தால் அஞ்ச வேண்டாம். பழைய தரநிலையை மீண்டும் ஆராய்ந்து, மாற்றம் தேவையில்லை என்று முடிவு செய்ததாக அதற்குப் பொருள்.

எதை எதில் பார்ப்பது?

தேடுவதற்குக் கோப்பு நல்லது. இரண்டாயிரம் பக்கங்களில் ஒரு சொல்லைச் சில நொடிகளில் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் இந்த ஆவணங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. அவற்றுக்கென்று தனிச் சொற்களும் உண்டு. ‘ஸ்கூல்’ என்று தேடினால் நமக்கு வேண்டிய பலவும் கிடைக்காது. பள்ளிகள் ‘எஜுகேஷனல் பில்டிங்ஸ்’ என்ற தலைப்பில், ‘பி’ பிரிவுக் கட்டடங்களாக வகைப்படுத்தப்பட்டிருக்கின்றன. பக்கங்கள் வெறும் படமாக நகலெடுக்கப்பட்டிருந்தால் சொல் தேடலே வேலை செய்யாது. ஆகவே முதலில் பொருளடக்கத்தைப் படியுங்கள், பிறகு தேடுங்கள்.

புரிந்துகொள்வதற்குத் தாள் நல்லது. கைபேசித் திரையில் ஓர் அட்டவணையின் ஒரு வரி மட்டும் தெரியும். அதற்குரிய விதிவிலக்கு பிரிவின் தொடக்கத்திலோ அடிக்குறிப்பிலோ இருக்கும். வேண்டிய பிரிவை முழுமையாக அச்சிட்டு, மேலே ஆண்டையும் பார்த்த தேதியையும் எழுதி வையுங்கள். அச்சுப்பொறி படத்தைப் பக்கத்துக்கேற்பச் சுருக்கிவிடும். எனவே படத்தின் மேல் அளவுகோலை வைத்து அளக்காமல், எழுதப்பட்ட எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் ‘ஷல்’ என்று இருந்தால் கட்டாயம்; ‘ஷுட்’ என்றால் பரிந்துரை. ஆங்கில ஆசிரியர்களுக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

அளந்து பார்ப்போம்

2016 தொகுப்பின்படி கல்விக் கட்டடத்தின் படிக்கட்டு குறைந்தது 1.5 மீட்டர் அகலம் வேண்டும். ஒரு படியின் உயரம் 15 செ.மீ.க்கு மேற்படக் கூடாது. கால் வைக்கும் அகலம் 30 செ.மீ.க்குக் குறையக் கூடாது. வெளியேறும் கதவு குறைந்தது ஒரு மீட்டர் அகலம் இருக்க வேண்டும். இவை குறைந்தபட்ச அளவுகள் என்பதை மறக்க வேண்டாம்.

சாய்தளம் நல்ல கணிதப் பாடம். அனுமதிக்கப்படும் சரிவு 1-க்கு 12-ஐவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது. ஏற வேண்டிய உயரம் கூடும்போது சரிவு இன்னும் மென்மையாக வேண்டும். பேஸ்மட்டம் 45 செ.மீ. என்றால், 45-ஐ 12-ஆல் பெருக்க 540 செ.மீ.; அதாவது 5.4 மீட்டர். இடமில்லை என்று மூன்று மீட்டரில் முடித்தால் சரிவு ஏறத்தாழ 1-க்கு 6.7. எட்டாம் வகுப்பில் விகிதம் நடத்தும்போது இந்தக் கணக்கைக் கொடுத்தேன். ஒரு மாணவி, “அப்படின்னா சக்கர நாற்காலியில வர்றவங்களைப் பின்னாலிருந்து ஒருத்தர் தள்ளணுமே சார்?” என்று கேட்டாள். சாய்தளம் என்ற பெயரில் ஒன்று இருப்பதற்கும், ஒரு பிள்ளை யாருடைய துணையுமின்றித் தானே ஏறி வகுப்புக்கு வருவதற்கும் உள்ள வேறுபாட்டை அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

பி.ஐ.எஸ். ஆதரவோடு பல பள்ளிகளில் ஸ்டாண்டர்ட்ஸ் கிளப் எனப்படும் மாணவர் மன்றங்கள் இயங்குகின்றன. அங்கே இதைச் செயல்பாடாக்கலாம். ஒரு குழு இணையதளத்தில் நடைமுறைப் பதிப்பைக் கண்டுபிடிக்கட்டும். இன்னொரு குழு உரிய பிரிவைத் தமிழில் எளிமையாக எழுதட்டும். மூன்றாவது குழு நாடா கொண்டு அளக்கட்டும். அளவு குறைந்தால் உடனே யாரையும் குறை சொல்ல வேண்டாம். கட்டடம் எந்த ஆண்டில் கட்டப்பட்டது, அப்போது எந்த விதி இருந்தது என்று பார்த்த பின், பிரிவு எண்ணையும் ஆண்டையும் குறிப்பிட்டுத் தலைமையாசிரியர் வழியாகப் பொறியாளருக்கு எழுதுங்கள். ‘படி உயரமாக இருக்கிறது’ என்ற கடிதத்தைவிட, இத்தனாம் பதிப்பின் இன்ன பிரிவுப்படி 15 செ.மீ. இருக்க வேண்டிய படி 19 செ.மீ. இருக்கிறது என்ற கடிதத்துக்கு விரைவில் பதில் வரும்.

ஒரு சிறு கோப்புறை போதும். படிக்கட்டு, கதவு, சாய்தளம், தீயணைப்பு ஆகியவை பற்றிய பக்கங்களை அச்சிட்டுத் தலைமையாசிரியர் அறையில் வையுங்கள். ஒவ்வொரு கல்வியாண்டும் ஜூன் மாதத்தில் இணையதளத்தைப் பார்த்து, முதல் பக்கத்தில் ‘சரிபார்த்தது’ என்று தேதி இடுங்கள். அடுத்து வரும் தலைமையாசிரியரும் அந்தத் தேதியைப் பார்த்துத் தொடர்ந்துகொள்வார்.