கிடைக்குமா, கிடைக்காதா: இன்டர்வியூவுக்குப் பிறகு ஐ சிங்

இன்டர்வியூ முடிந்து எழுந்திருக்கும்போது சொல்லப்படும் வாசகம் அநேகமாக எல்லா கம்பெனியிலும் ஒன்றுதான்: "நாங்களே கூப்பிடுறோம்." கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் நடுவில், குந்தாரப்பள்ளி, சூளகிரி என்று எந்த ஸ்டாப்பில் பஸ் ஏறினாலும், இந்த வாசகத்தைக் கேட்டுவிட்டுக் காத்திருக்கிற பையனோ பெண்ணோ ஒருவர் பக்கத்து சீட்டில் இருப்பார். அந்தப் பத்துப் பதினைந்து நாள் ஒரு வினோதமான காலம். முடிவு ஏற்கெனவே யாரோ ஒருவருடைய எக்செல் ஷீட்டில் ஏறியிருக்கலாம். இன்னும் ஏறாமலும் இருக்கலாம். நம் கையில் செய்ய ஒன்றும் இல்லை. குறி கேட்கத் தோன்றுவது இப்படிப்பட்ட நேரத்தில்தான்.

நம்மிடம் இதற்கு வழிகள் நிறையவே உண்டு. கோயிலில் சிவப்பு, வெள்ளை என்று இரண்டு பூவைத் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிப் போட்டு ஒன்றை எடுப்பது. பஞ்சாங்கத்தின் பின்பக்கம் இருக்கிற ராமர் சக்கரத்தில் கண்ணை மூடி விரல் வைத்து, அந்த எண்ணுக்குப் பலன் பார்ப்பது. கிளி சீட்டு எடுப்பது. இவை இரண்டு வகை என்பதைக் கவனித்தால் மேலே சொல்லப்போவது சுலபமாகப் புரியும். பூக் கட்டிப் பார்ப்பது ஆம், இல்லை என்று மட்டும் சொல்லும். சக்கரமும் கிளியும் ஒரு வாசகத்தைக் கொடுக்கும், அதை நம் கதைக்குப் பொருத்திக்கொள்வது நம் பாடு.

சீனர்களிடமும் இதே இரண்டு வகை இருக்கிறது. பிறை வடிவத்தில் இரண்டு மரக்கட்டைகள். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வளைவு. சாமி முன்னால் கீழே போட வேண்டும். ஒன்று தட்டையாகவும் ஒன்று வளைவாகவும் விழுந்தால் சம்மதம். இரண்டும் தட்டைப் பக்கம் மேலே என்றால் சாமி சிரிக்கிறது, கேள்வி சரியில்லை என்று அர்த்தம். இரண்டும் வளைவு மேலே என்றால் இல்லை. வாசகம் தருகிற வகைக்கு, மூங்கில் குப்பியில் எண் போட்ட குச்சிகளைக் குலுக்கி ஒன்று வெளியே விழும்வரை ஆட்டுவார்கள். அந்த எண்ணுக்கு ஒரு செய்யுள் இருக்கும். சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் 1870-ல் தொடங்கிய ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும், 1884-ல் வந்த குவான் யின் கோயிலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அங்கே குச்சி குலுக்கிவிட்டு வருகிற சீனர்கள் கிருஷ்ணனுக்கும் ஊதுபத்தி காட்டிவிட்டுப் போவது வழக்கம். எனவே இது நமக்கு அப்படியொன்றும் தூரத்து விஷயம் இல்லை.

படித்தவர்கள் இதையெல்லாம் விட்டுவிடுவார்கள் என்பதும் சரியில்லை. தைவானில் மாணவர்கள் தேர்வு அனுமதிச் சீட்டின் நகலைப் படிப்புக்கான தெய்வமான வென்சாங் சந்நிதியில் வைப்பார்கள், நம் பிள்ளைகள் ஹால் டிக்கெட்டைப் பிள்ளையார் காலடியில் வைப்பதுபோல. அங்கே எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் 'குவாய் குவாய்' என்ற நொறுக்குத் தீனியின் பச்சை நிறப் பாக்கெட்டை மெஷின் மேல் வைக்கிறார்கள். அந்தப் பெயருக்கு 'சமர்த்தாக இரு' என்று பொருள். மெஷின் பழுதாகாமல் இருக்க வேண்டுமாம். பாக்கெட் காலாவதி ஆகியிருக்கக் கூடாது என்பது கூடுதல் விதி. தைவான் கம்பெனியான டெல்டா எலெக்ட்ரானிக்ஸ் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே ஆலை வைத்திருக்கிறது. இங்கே பச்சைப் பாக்கெட் உண்டா என்று உள்ளே வேலை செய்கிறவர்கள் யாராவது சொன்னால் மகிழ்வேன்.

ஐ சிங் இந்த இரண்டாம் வகையின் மூத்த உறுப்பினர். 'மாற்றங்களின் நூல்' என்று அர்த்தம். மூவாயிரம் ஆண்டுப் பழமை கொண்ட மூலப்பகுதி; மேலே பல நூற்றாண்டுகளின் உரைகள். அடிப்படை மிக எளிது: முழுக்கோடு, நடுவில் உடைந்த கோடு, இரண்டே குறிகள். யாப்பு படித்தவர்களுக்கு உடனே பிடிபடும். நேர், நிரை என்று இரண்டு அசை. ஈரசையில் நாலு சீர், மூவசையில் எட்டு. அதேபோல மூன்று கோட்டில் எட்டு உரு. மூன்றின் மேல் மூன்றை வைத்தால் 64. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு தீர்ப்பு, ஆறு கோட்டுக்கும் தனித்தனியாக ஒரு வாசகம். லைப்னிட்ஸ் 1703-ல் இரும எண்களைப் பற்றி வெளியிட்ட கட்டுரையில் இந்தக் கோடுகளைக் காட்டித்தான் பேசினார்.

என் அக்கா மகன் டிப்ளமோ முடித்தவன். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் இன்டர்வியூ முடித்துவிட்டு ஒன்பது நாளாகக் காத்திருந்தான். இன்னொரு பக்கம் ஒரு கான்ட்ராக்ட் வேலை கையில் இருந்தது. சம்பளம் குறைவு, ஆனால் சனிக்கிழமைக்குள் சரி என்று சொல்லியாக வேண்டும். போனில் ஐ சிங் ஆப் ஒன்றை இறக்கி, 'கிடைக்குமா?' என்று கேட்டிருக்கிறான். "காத்திரு, நல்லது நடக்கும்னு வந்திருக்கு மாமா. கான்ட்ராக்ட்காரர்கிட்ட வேணாம்னு சொல்லிடலாம்னு இருக்கேன்" என்றான். ஸ்கிரீன்ஷாட்டை வாங்கிப் பார்த்தேன்.

வந்திருந்தது ஐந்தாவது உரு. பெயர் ஷூ, அதாவது காத்திருத்தல். கீழே வானம், மேலே தண்ணீர். மேகம் கட்டியிருக்கிறது, இன்னும் மழை இல்லை. "எவ்ளோ கரெக்டா வந்திருக்கு பாருங்க" என்றான். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 64-ல் எது வந்திருந்தாலும் இப்படித்தான் தோன்றியிருக்கும். 48-வது உரு கிணறு: கயிறு எட்டுவதற்கு ஒரு முழம் குறைகிறது, குடம் உடைகிறது. அது வந்திருந்தால் கடைசி ரவுண்டில் போய்விட்டது என்று படித்திருப்பான். 53 வந்திருந்தால், காட்டு வாத்து கரையிலிருந்து பாறைக்கு, பாறையிலிருந்து மேட்டுக்கு என்று படிப்படியாக ஏறும் படம். 56 என்றால் வெளியூர்ப் பயணி. வேலை தேடுகிறவன் வாழ்க்கையில் இவை எல்லாமே இருக்கின்றன. பொருத்தம் நாம் கொண்டுபோகிற கதையில் இருக்கிறது.

ஆனால் ஆப் செய்தது வேறொரு அநியாயம். தீர்ப்பின் முதல் பாதியை மட்டும் காட்டியிருந்தது. அந்தத் தீர்ப்பு பொறுமையைச் சொல்லிவிட்டு, பெரிய ஆற்றைக் கடப்பது நன்மை தரும் என்றும் சொல்கிறது. காத்திரு, கடந்தும் போ. இரண்டையும் சேர்த்து யோசிக்கச் சொல்வதுதான் அந்த நூலின் பழக்கம். அதோடு, காத்திருத்தலின் ஆறு கோடும் ஆறு இடத்தைச் சொல்கின்றன: முதலில் ஊருக்கு வெளியே வெட்டவெளியில் காத்திருத்தல், அடுத்து ஆற்று மணலில், அடுத்து சேற்றில். தண்ணீரை நெருங்க நெருங்க ஆபத்து. ஐந்தாவதில் சாப்பாட்டோடு நிம்மதியாகக் காத்திருத்தல். அதாவது 'எப்போது வரும்' என்பதை விட்டுவிட்டு, 'எந்த இடத்தில் நின்றுகொண்டு காத்திருக்கிறாய்' என்று கேட்கிறது.

இவனுக்கு மாறும் கோடாக வந்தது மூன்றாவது. சேறு. சேற்றில் நின்றால் எதிராளி வந்து சேர்வான் என்கிற கோடு. அந்தக் கோடு மாறினால் உரு 60 ஆகிறது. அதன் பெயர் ஜியே, மூங்கில் கணு; எல்லை, கட்டுப்பாடு என்று பொருள். கசப்பான கட்டுப்பாட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது என்கிறது அதன் தீர்ப்பு. இப்படிப் பார்த்தால் அதே முடிவை, சனிக்கிழமை கெடுவை மதித்து கான்ட்ராக்ட் வேலைக்குப் போ என்றும் படிக்கலாம். நான் அப்படித்தான் படி என்று சொல்லவில்லை. ஒரே நாணய வீச்சிலிருந்து இரண்டு நேரெதிர் முடிவுகள் வரும் என்றால், அதை நம்பிக் கையில் இருக்கிற வேலையை விடக் கூடாது என்றேன்.

நாணயக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மூன்று நாணயம், ஆறு தடவை. தலைக்கு 3, பூவுக்கு 2 என்று கூட்டினால் 6, 7, 8, 9-ல் ஒன்று வரும். 7 முழுக்கோடு, 8 உடைந்த கோடு. 9-ம் 6-ம் மாறும் கோடுகள். ஒவ்வொன்றுக்கும் எட்டில் ஒரு வாய்ப்பு. கோடுகளைக் கீழிருந்து மேலே அடுக்க வேண்டும். நாணயம் வருவதற்கு முன்பிருந்த முறையில் 50 செடித் தண்டுகளை எடுத்து, ஒன்றை ஒதுக்கி, மீதி 49-ஐப் பிரித்துப் பிரித்து எண்ணுவார்கள். அதில் கணக்கு மாறிவிடும்: 9 வர 16-ல் 3, 6 வர 16-ல் 1 மட்டுமே. ஆக, எந்தக் கருவியால் கேட்கிறோமோ அதற்கேற்ப 'விதி'யின் விகிதமும் மாறுகிறது. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த தகவல் இதுதான்.

இன்னொன்று, திரும்பத் திரும்பக் கேட்பது. பாதிக்குப் பாதி நல்ல பலன் என்று வைத்துக்கொண்டால், மூன்று தடவை கேட்கிறவனுக்கு ஒரு தடவையாவது நல்லது வர எட்டில் ஏழு வாய்ப்பு. பூக் கட்டிப் பார்ப்பதிலும் இதே கணக்குதான். நான்காவது உருவின் தீர்ப்பிலேயே இதற்குத் தடை இருக்கிறது: முதல் தடவை கேட்டால் பதில் உண்டு, இரண்டு மூன்று தடவை நச்சரித்தால் கிடையாது. ஆப்பில் 'மீண்டும் கேள்' என்று பட்டன் வைத்திருக்கிறார்கள்.

சனிக்கிழமைக்கு முன்னால் ஹெச்.ஆரிடமே போன் போட்டுக் கேட்கச் சொன்னேன். கேட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்று பயந்தான். இந்தப் பயம்தான் பாதிப் பேரை நாணயத்திடம் அனுப்புகிறது என்று நினைக்கிறேன். வெள்ளிக்கிழமை கேட்டுவிட்டான். "இன்னும் ரெண்டு வாரம் ஆகும், லிஸ்ட் ஃபைனல் ஆகலை" என்று சாதாரணமாகச் சொன்னார்களாம். கான்ட்ராக்ட் வேலையில் சேர்ந்துகொண்டான். அந்த லிஸ்ட் இந்த நிமிடம் வரை வரவில்லை.

அப்படியானால் ஐ சிங் எதற்கு? கார்ல் யுங் 1949-ல், அந்த நூலின் ஆங்கிலப் பதிப்புக்கு முன்னுரை எழுதும்போது, ஆங்கில வாசகர்களிடம் உன் நிலைமை எப்படி இருக்கும் என்று அந்த நூலிடமே நாணயம் போட்டுக் கேட்டார். கிட்டத்தட்ட வேலை இன்டர்வியூதான். 50-வது உரு வந்தது: சமையல் பாத்திரம். சாப்பாடு தயாராக இருக்கிறது, யாரும் கண்டுகொள்ளவில்லை என்று நூல் தன்னைப் பற்றிச் சொல்வதாக அவர் படித்தார். எனக்கு அவருடைய விளக்கத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் ஒரு கேள்வியோடு அரை மணி நேரம் உட்கார வைக்கும் கருவி என்ற அளவில் அது வேலை செய்கிறது.

இதற்கும் பழைய ஷாங் அரசர்களின் குறிகாரர்கள், ஆமை ஓட்டிலும் மாட்டெலும்பிலும் சூடு வைத்து விரிசல் பார்த்தார்கள். நடக்கும் என்றும் நடக்காது என்றும் கேள்வியை இரண்டு விதமாகவும் ஓட்டிலேயே பொறிப்பார்கள். கி.மு. 1200 வாக்கில் ஊ டிங் அரசன், தன் மனைவி ஃபூ ஹாவின் பிரசவம் நல்லபடி ஆகுமா என்று கேட்ட ஓடு கிடைத்திருக்கிறது. எந்த நாளில் பிறந்தால் நல்லது என்று அரசன் சொன்னதும், 31 நாள் கழித்து வேறு நாளில் பிறந்ததும், நல்லதாக அமையவில்லை, பெண் என்பதும் அதிலேயே எழுதப்பட்டிருக்கிறது. பெண் என்றால் நல்லதில்லை என்ற அந்த அரண்மனைக் கணக்கை விடுங்கள். குறி கேட்டு என்ன ஆனது என்பதையும் சேர்த்துப் பதிந்து வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அது பெரிய விஷயம்.

போட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஒரே மாதிரியான மூன்று ஐந்து ரூபாய் நாணயம் எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கமுகம் இருக்கிற பக்கத்தைத் தலை என்று வைத்துக்கொள்ளலாம். 'கிடைக்குமா' என்று கேட்காமல் 'இந்த வாரம் என்ன செய்யலாம்' என்று கேளுங்கள். கேள்வியை முதலில் நோட்டில் தேதி போட்டு எழுதிவிடுங்கள். வந்த உருவை அதன் கீழே எழுதுங்கள், கடைசியில் நடந்ததையும் எழுத ரெண்டு வரி இடம் விடுங்கள்.