உங்களுக்குத் தெரியுமா? எல்லைக்கு எல்லை சட்டம் மாறும் ஒரு செடி

ஓசூர் உழவர் சந்தையில் புளிச்சகீரைக் கட்டு ஒன்றை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கம்பெனி சீருடையோடு நின்ற பையன் ஒருவன், "என்ன சார் இது, கஞ்சா இலை மாதிரியே இருக்கு?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டான். கீரைக்கார அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கோங்குரா தம்பி! சோத்துல பிசைஞ்சு தின்னு பாரு" என்றார். பையன் கேட்டதில் தப்பில்லை. புளிச்சகீரையின் தாவரவியல் பெயரே ஹைபிஸ்கஸ் கன்னாபினஸ்தான். கன்னாபினஸ் என்றால் கஞ்சாவைப் போன்றது என்று பொருள். இலையைப் பார்த்து வைத்த பெயர்.

வித்தியாசம் கண்டுபிடிப்பது எளிது. புளிச்சகீரை ஒரே இலை. விரல் விரலாக வெட்டுப்பட்டிருந்தாலும் அடியில் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். கஞ்சா இலையில் ஒவ்வொரு விரலும் தனிச் சிற்றிலை. காம்பு வரைக்கும் பிரிந்திருக்கும். கீரைத் தண்டில் பொடி முள் இருக்கும். பூ செம்பருத்திச் சாடையில் வெளிர்மஞ்சளாக, நடுவில் கருஞ்சிவப்போடு பூக்கும். வாயில் போட்டால் புளிக்கும்.

*

பசுந்தாள் உரத்துக்கு விதைக்கிறோமே சணப்பு, அதற்கும் கஞ்சாவுக்கும் எந்த உறவும் இல்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்குமே 'ஹெம்ப்' என்ற ஒட்டு இருப்பதால் வந்த குழப்பம் இது. சணப்பு அவரைக் குடும்பம். மஞ்சள் பூ பூக்கும். சாக்கு தைக்கும் சணல் வேறொரு செடி. ஊறவைத்து நார் உரிக்கலாம் என்பது ஒன்றுதான் மூன்றுக்கும் பொது.

*

கஞ்சாவுக்கு 1753-ல் 'கன்னாபிஸ் சாட்டிவா' என்று பெயர் வைத்தவர் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ். அவர் பார்த்தது ஐரோப்பாவில் நாருக்காக வளர்த்த செடியை. இந்தியாவிலிருந்து போன செடி குணத்தில் வேறுபட்டது என்று கண்டு 1785-ல் 'கன்னாபிஸ் இண்டிகா' என்று தனிப்பெயர் கொடுத்தவர் பிரான்ஸின் லமார்க். நம் சித்த மரபில் இதற்குக் கோரக்கர் மூலி என்று பெயர். மருந்து செய்வதற்கான சட்ட விதிகளில், வைத்தியரின் மேற்பார்வையில் மட்டுமே கொடுக்க வேண்டிய நச்சுப் பொருள்களின் பட்டியலில் இது இருக்கிறது. 'மூலிகைதானே' என்று பேசுகிறவர்கள் அந்தப் பட்டியலையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

*

'இண்டிகா என்றால் தூக்கம், சாட்டிவா என்றால் சுறுசுறுப்பு' என்று பொட்டலம் விற்கிறவர்கள் அடித்துச் சொல்வார்கள். கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நெதர்லாந்து நாட்டவர்களோடு சேர்ந்து நூற்றுக்கும் மேற்பட்ட மாதிரிகளின் மரபணுவைப் பிரித்துப் பார்த்து 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். மேலே ஒட்டிய பெயருக்கும் உள்ளே இருக்கும் மரபணுவுக்கும் ஒழுங்கான பொருத்தமே இல்லை. சட்டப்படி, சீட்டு ஒட்டி விற்கும் நாடுகளிலேயே அந்த நிலை என்றால், நம்மூர்ச் சந்தில் 'சீலாவதி' என்றும் 'இடுக்கி கோல்டு' என்றும் காதோடு சொல்லி விற்கும் பெயருக்கு யார் பொறுப்பு? உள்ளே என்ன இருக்கிறது என்பது விற்கிறவனுக்கும் தெரியாது.

*

கஞ்சாவில் பப்பாளியைப் போல ஆண் செடி தனி, பெண் செடி தனி. போதைப் பிசின் அதிகம் சுரப்பது பெண் பூவைச் சுற்றித்தான். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சின்னச் சுரப்பி மயிர்களின் முனையில் அது நிற்கும்; பூச்சியும் வெயிலும் அண்டாமல் இருக்க அந்தச் செடி செய்துகொண்ட ஏற்பாடு என்பது தாவரவியலாளர்கள் பலரின் கருத்து. நம் ராயக்கோட்டை, கெலமங்கலம் பக்கத்துச் சாமந்தி விவசாயிகளுக்குத் தெரிந்த இன்னொரு குணமும் இதற்கு உண்டு: பகல் குறுகி இரவு நீண்டால்தான் பூ எடுக்கும்.

திறந்த வெளியில் 4, 5 மீட்டர் வரைகூட வளரும். உயரமாக வளர்ந்தால் வீரியம் அதிகம் என்று நினைப்பது தவறு. ஆள் உயரத்தைத் தாண்டி மூங்கில் மாதிரி நெடுநெடுவென்று போவது பெரும்பாலும் நாருக்காகத் தேர்ந்தெடுத்த ரகங்கள்தான். அவற்றில் போதைப் பொருள் அநேகமாக இல்லை. உத்தராகண்ட் அரசு 2018-ல் உரிமம் கொடுத்துப் பயிரிட அனுமதித்தது அந்த வகையைத்தான். அதில் டி.எச்.சி. என்ற போதைச் சத்து 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

*

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மலையோரக் கொல்லைகளில் ஊடுபயிராகக் கஞ்சா வளர்த்ததாகக் கைது என்ற செய்தி நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் அவ்வப்போது வரும். துவரையும் ஆமணக்கும் ஆள் மறைய வளர்வதால் நடுவில் இருப்பது வெளியே தெரியாது என்ற நம்பிக்கை. 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், கஞ்சாச் செடி வளர்ப்பதற்கு 10 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் வைத்திருக்கிறது. இத்தனை செடி வரை பரவாயில்லை என்ற சலுகை அதில் எங்கும் கிடையாது. ஒரு செடியும் செடிதான்.

நிலக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது 46-வது பிரிவு. தன் நிலத்தில் யாரோ கஞ்சா வளர்ப்பது தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருந்தால் அதுவே குற்றம். கொல்லையை வாரத்துக்கு விட்டுவிட்டு ஓசூரில் வேலைக்கு வந்துவிட்டவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். மாதம் ஒருமுறையாவது போய் நடந்து பார்த்துவிட்டு வாருங்கள். வீட்டு உரிமையாளர்களுக்கு 25-வது பிரிவு: அறையை இதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று தெரிந்தே விட்டிருந்தால், குற்றம் செய்தவருக்கு உள்ள தண்டனை உங்களுக்கும் உண்டு.

*

தராசுதான் இந்தச் சட்டத்தின் நடுப்புள்ளி. கஞ்சா 1 கிலோவுக்குக் கீழே சிறிய அளவு: ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு: குறைந்தது 10 ஆண்டு, 20 வரை போகலாம், ஜாமீன் கிடைப்பதே கல்லில் நார் உரிக்கிற வேலை. நடுவில் இருப்பதற்கு 10 ஆண்டு வரை. "இந்தப் பையைக் கொண்டுபோய் ஓசூர்ல குடுத்துடு, ரயில் செலவு போக மூவாயிரம்" என்று ஒரு பையனிடம் சொல்கிறவன் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை. பிடிபட்ட பிறகுதான் பை எடை போடப்படும்.

*

இனி எல்லைக் கதை. மத்தியச் சட்டம் கஞ்சா என்று சொல்வது பூத்த, காய்த்த நுனிகளை. பூ ஒட்டாத தனி இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வராது. அந்த இலையை அரைத்தால் பாங். உத்தரப் பிரதேசத்தில் அதற்கு அரசு உரிமம் பெற்ற கடையே உண்டு. 2022 ஆகஸ்டில் கர்நாடக உயர் நீதிமன்றம் ஒரு ஜாமீன் வழக்கில், பாங்கைக் கஞ்சாவாகக் கொள்ள மத்தியச் சட்டத்தில் இடமில்லை என்று சொன்னது.

கர்நாடகத்தின் அத்திப்பள்ளியைத் தாண்டி நம் ஜூஜூவாடிக்குள் நுழைந்தால் நிலைமை வேறு. தமிழ்நாட்டில் 1937-ம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது. அதில் போதை மருந்து என்பதற்குள் கஞ்சாச் செடியின் இலையும் சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த ராஜாஜி பிறந்தது ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில், 1878-ல். மதுவிலக்கை அவர் முதலில் அமல்படுத்தியது 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில். ஓசூர் அப்போது சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. நாம் நிற்கும் இந்த மண்ணில்தான் அந்தச் சட்டம் முதன்முதலில் நடைமுறைக்கு வந்தது.

வடநாட்டிலிருந்து சிப்காட்டுக்கு வேலைக்கு வரும் பிள்ளைகளில் பலருக்கு இது தெரியாது. ஊரில் கடையில் காசு கொடுத்து வாங்கிய, பாங் கலந்த பச்சை உறைச் சூரணத்தையும் சாக்லெட்டையும் பையில் போட்டுக்கொண்டு வந்து இறங்குகிறார்கள். உறையில் இந்தியில் 'ஆயுர்வேத' என்று அச்சிட்டிருக்கும். பார்க்கப் புளிப்பு மிட்டாய் மாதிரி இருக்கும். கறுப்பாக, கொஞ்சம் ஒட்டும். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துப் பெட்டிக்கடைகளிலும் இது சிக்கியிருக்கிறது என்பதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. வேலைக்கு ஆள் எடுக்கும் ஒப்பந்ததாரர்கள் பாதுகாப்புக் காலணி கொடுக்கும் அன்றே, இந்தியிலும் ஒடியாவிலும் இந்தச் சட்டத்தை ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுத்தால் எத்தனையோ பேர் தப்பிப்பார்கள்.

*

வெள்ளைக்காரன் காலத்தில் கஞ்சா அரசின் கண்பார்வையில் விளைந்த பயிர். பக்கத்து ஜவ்வாது மலையிலும் அப்படி விளைந்தது. 1893-ல் பிரிட்டிஷ் அரசு ஒரு ஆணையம் போட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து 1894-ல் அறிக்கை கொடுத்தார்கள். அளவான பழக்கத்தால் பெரிய கேடில்லை, அளவு மீறினால் கேடு என்பது சாரம். இன்றைக்கும் அதை மேற்கோள் காட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் அந்த ஆணையம் பார்த்த கஞ்சா வேறு, இன்றைக்கு உலகச் சந்தையில் புழங்கும் கஞ்சா வேறு.

*

எவ்வளவு வேறு? அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவை மிசிசிப்பி பல்கலைக்கழகம் ஆண்டாண்டாகச் சோதித்து வருகிறது. டி.எச்.சி. 1995-ல் சராசரி 4 சதவீதம், 2014-ல் 12. போதைக்காகவே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த ரகங்களில் டி.எச்.சி. ஏறியது, அதன் வேகத்தைக் கொஞ்சம் தணிக்கும் என்று கருதப்படும் சி.பி.டி. என்ற இன்னொரு சத்து குறைந்தது.

மூளையில் இது ஏன் ஒட்டுகிறது என்பது அழகான விஷயம். டி.எச்.சி.யை 1964-ல் இஸ்ரேலில் பிரித்தெடுத்தவர்கள் ரஃபேல் மெக்கூலமும் யெஹியேல் கவோனியும். கஞ்சாவுக்கென்று மூளையில் ஒரு பூட்டு இருக்குமானால், உடம்பே அதற்கு ஒரு சாவி வைத்திருக்க வேண்டும் அல்லவா? 1992-ல் மெக்கூலத்தின் குழு அந்தச் சாவியைக் கண்டுபிடித்து 'ஆனந்தமைடு' என்று பெயர் வைத்தது. நம் 'ஆனந்தம்'தான். உடம்பு அதைத் துளித்துளியாகச் சுரந்து உடனே கரைத்துவிடும். வெளியிலிருந்து போகும் டி.எச்.சி. அப்படிச் சீக்கிரம் கரையாது.

2019-ல் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் வந்த ஆய்வு ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் 11 இடங்களில் நடந்தது. 10 சதவீதமும் அதற்கு மேலும் டி.எச்.சி. உள்ள கஞ்சாவைத் தினமும் புகைத்தவர்களுக்கு, தொடாதவர்களைவிட மனச்சிதைவு போன்ற நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 5 மடங்கு இருந்தது. எல்லோருக்கும் வரும் என்று அர்த்தமில்லை. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதுதான் பயம்.

*

பழக்கத்தில் விழுந்தவர் தானாக முன்வந்து சிகிச்சைக்குப் போனால் சட்டம் கை கொடுக்கிறது. 1985-ம் ஆண்டுச் சட்டத்தின் 64ஏ பிரிவின்படி, சிறிய அளவு தொடர்பான வழக்கில் மாட்டியவர் அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் மனமுவந்து சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். பாதியில் நிறுத்தினால் அந்த விலக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியும். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, தகவலுக்கும் உதவிக்கும் 1933. இரண்டுமே கட்டணமில்லா எண்கள். ஓசூரிலிருந்து பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை 40 கிலோமீட்டருக்குள்தான். போதைப் பழக்கத்துக்கென்றே அங்கே தனிப் பிரிவு இருக்கிறது.

*

எங்கள் தெருவில் ஐ.டி.ஐ. முடித்த பையன் ஒருவன் இரவு ஷிஃப்டில் இருந்தான். கண் சொக்காமல் இருக்க என்று நண்பர்கள் கொடுத்ததில் ஆரம்பித்திருக்கிறது. ஏழெட்டு மாதத்தில் அறையின் ஃபேன் ரெகுலேட்டர் மேல் செய்தித்தாளை நாலாக மடித்துப் பசை போட்டு ஒட்டினான். அதற்குள்ளிருந்து சூப்பர்வைசர் பேசுவது கேட்கிறது என்றான். அம்மா முதலில் மந்திரிக்கக் கூட்டிப்போனார்; மூன்று அமாவாசை அதிலேயே போனது. நான்தான் கையைப் பிடித்து நிம்ஹான்ஸ் போகச் சொன்னேன். இன்னும் முன்னாலேயே சொல்லியிருக்கலாம் என்று இன்றுவரை மனசு அறுக்கிறது. டாக்டர் அந்த அம்மாவிடம் சொன்னது இரண்டு விஷயம்: மாத்திரையை நம் இஷ்டத்துக்கு நிறுத்தக் கூடாது, கஞ்சாவை ஒரு இழுப்புகூட இனித் தொடக் கூடாது, தொட்டால் குரல் திரும்பி வரும்.

இப்போது பாகலூர்ப் பக்கம் ஒரு பசுமைக்குடிலில் தாஜ்மஹால் ரோஜா வெட்டுகிறான். பகல் வேலை மட்டும். காதலர் தினத்துக்கு முந்தைய இரண்டு வாரமும் ஓய்ச்சல் ஒழிச்சல் இல்லை. விடியற்காலை பூ முக்கால் மொட்டாக இருக்கும்போதே வெட்டி, வாளித் தண்ணீரில் நிறுத்தி, குளிர் அறைக்கு ஏற்ற வேண்டும். ராத்திரி 8 மணிக்கு அம்மா மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து பக்கத்திலேயே நிற்கிறார், அவன் விழுங்குகிற வரைக்கும்.