நான்கு டாலர் கையிருப்பில் ஒரு சங்கம்

1909-இல் நியூயார்க்கின் சட்டைத் தையல் பெண்களின் சங்கத்தில் உறுப்பினர்கள் சுமார் நூறு பேர். கையிருப்பு நான்கு டாலர் என்பார்கள். சர்வதேசப் பெண்கள் ஆடைத் தொழிலாளர் சங்கத்தின் 25-ஆம் கிளை அது. பெரும்பாலும் யூத, இத்தாலியக் குடும்பங்களின் இளம்பெண்களே தைத்தார்கள். ஊசிக்கும் நூலுக்கும் மின்சாரத்துக்கும்கூட அவர்கள் கூலியில் பிடித்த முதலாளிகள் உண்டு.

நவம்பர் 22 அன்று கூப்பர் யூனியன் மண்டபத்தில் கூட்டம் நடந்தது. தலைவர்கள் ஒருவர்பின் ஒருவராக நிதானத்தைப் போதித்து நேரத்தை இழுத்தார்கள். பொறுமையிழந்த கிளாரா லெம்லிக் எழுந்து, யித்திஷ் மொழியில் சுருக்கமாகப் பேசி, பொது வேலைநிறுத்தத்துக்குத் தீர்மானம் கொண்டுவந்தார். 23 வயது அவருக்கு. முந்தைய மறியல் ஒன்றில் அடியாட்களிடம் அடிபட்டு விலா எலும்பு முறிந்தவர். பெண்களைத் திரட்டவே முடியாது என்று ஆண் தலைவர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் வேறு! சில நாட்களில் இருபதாயிரம் பேருக்குமேல் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். கைதும் அபராதமும் தொடர்ந்தன.

1910 பிப்ரவரியில் போராட்டம் முடிந்தபோது 300-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் ஒப்பந்தம் போட்டிருந்தன.

டிரையாங்கிள் என்ற சட்டைத் தையல் நிறுவனமோ கடைசிவரை சங்கத்தை ஏற்கவில்லை. 1911 மார்ச் 25 அன்று அங்கே பிடித்த தீயில் 146 பேர் இறந்தார்கள். ஒன்பதாம் மாடியில் ஒரு கதவு பூட்டியிருந்தது, திருட்டைத் தடுக்கவாம். உரிமையாளர்கள் இருவரையும் நீதிமன்றம் விடுவித்தது. ஆனால் மாநில அரசு அமைத்த விசாரணைக் குழுவால் தீத்தடுப்புச் சட்டங்கள் அடுத்தடுத்து வந்தன. 25-ஆம் கிளையோ 1919-இல் பென்சில்வேனியா மலைப்பகுதியில் உறுப்பினர்களுக்கென ஓர் ஓய்வில்லமே வாங்கியது.