பாடநூல் எழுதிய பேராசிரியர்

2025 நவம்பரில், தமது 92-ஆவது வயதில், பெங்களூரில் காலமான பேராசிரியர் வி. ராஜாராமன் நம் தேசத்தில் கம்ப்யூட்டர் கல்விக்கு அஸ்திவாரமிட்டவர்களுள் ஒருவர் என்பதை யாவரும் ஒப்புவர். ஆயினும், யந்திரத்தைக் கண்ணாலும் பார்த்திராத வித்தியார்த்திக்கு அதன் தத்துவத்தைத் தெளிவான வாக்கியங்களில் விளங்கவைத்த அவருடைய ஆசிரியத் தொழிலையே நான் அவருடைய முதற்பெருமையாகக் கருதுகிறேன்.

1933-இல் ஈரோட்டில் பிறந்து, டில்லியிலும் பெங்களூரிலும் பயின்று, பின்னர் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யிலும் விஸ்கான்சின் சர்வகலாசாலையிலும் உயர்கல்வி பெற்ற அவர், 1963-இல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் ஆசிரியராகச் சேர்ந்தார். அதே ஆண்டில், அமெரிக்கச் சர்வகலாசாலைகள் ஒன்பதின் கூட்டுறவின் பயனாக, ஐ.பி.எம். 1620 என்ற யந்திரமும் அங்கே வந்து சேர்ந்தது. அதைப் பற்றி ஒரு வேடிக்கை உண்டு: அந்த வகையின் ஆதி மாதிரிக்குக் கூட்டல் தெரியாது, நினைவகத்தில் எழுதி வைத்திருக்கும் வாய்ப்பாட்டைப் பார்த்துத்தான், திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பையனைப்போல, விடை சொல்லும்! புரோகிராமின் ஒரு வரிக்கு ஓர் அட்டையாகத் துளையிட்டு, அட்டைக் கட்டைக் கம்ப்யூட்டர் மையத்தில் ஒப்படைத்து, விடைக்காகக் காத்திருந்து, இறுதியில் ஒரு காற்புள்ளி பிசகியதால் அவ்வளவும் வீணாயிற்று என்று அறிந்து திரும்பிய அக்காலத்தில், எழுதுவதற்கு முன்பே தாளில் தீர யோசிக்கும் பழக்கம் ஓர் ஆடம்பரமன்று, அவசியமாகவே இருந்தது.

இந்த யந்திரத்தைத் தம் வளாகத்துக்குள் பூட்டி வைத்துக்கொள்ளக் கான்பூர்க்காரர்கள் விரும்பவில்லை. பிற கல்லூரிகளின் ஆசிரியர்களையும், ஆராய்ச்சிசாலை விஞ்ஞானிகளையும், தொழிற்சாலைப் பொறியாளர்களையும் வரவழைத்துச் சில நாட்களிலேயே போர்ட்ரான் என்ற கம்ப்யூட்டர் மொழியைக் கற்பித்து அனுப்பும் வகுப்புகளை நடத்தினார்கள். ராஜாராமனின் நூல்கள் இத்தகைய போதனையிலிருந்தே வளர்ந்தன. அந்நிய நாட்டுப் புத்தகத்தின் விலை சாமானிய மாணவனுக்கு எட்டாதிருந்த நாளில், நம் நாட்டிலேயே அச்சாகி, பையனின் கையில் நேரே வந்து சேர்ந்த பாடநூல் என்ன பெரிய உபகாரம் என்பதைப் பழைய புத்தகக் கடையில் பேரம் பேசிய தலைமுறையே அறியும். பக்கத்துக்குப் பக்கம் உதாரணமும் பயிற்சியும் உடைய அந்நூல்களில் ஆசிரியர் தம் பாண்டித்தியத்தைக் காட்ட முயல்வதே இல்லை. நம்முடைய பாடநூலாசிரியர்கள் பலருக்கும் இது வாய்க்காத அடக்கம்.

கான்பூரில் அவரிடம் பயின்றவர்களுள் இன்போசிஸ் நாராயண மூர்த்தியும் ஒருவர். 1982-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்குத் திரும்பிய பேராசிரியருக்கு 1998-இல் பத்மபூஷண் விருது கிடைத்தது. ஆனால் சாதாரணக் குடும்பங்களை அதிகமாகத் தொட்ட காரியம் வேறு. அவர் தலைமை தாங்கிய குழு, பொறியியல் படிக்காத பட்டதாரிகளும் கம்ப்யூட்டர் துறையில் நுழையும்படியாக, எம்.சி.ஏ. என்ற மூன்றாண்டுப் பட்டப்படிப்பைச் சிபாரிசு செய்தது. பி.எஸ்ஸி. கணிதம் படித்துவிட்டு ஆசிரியப் பயிற்சிக்கோ பாங்குப் பரீட்சைக்கோ மனுப் போட்டுக் காத்திருந்த சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு, 1980-களிலிருந்து மூன்றாவதாக ஒரு வழி திறந்தது.