காற்றுக்கு ஒரு மூக்கணாங்கயிறு

அவிநாசித் தேர்த் திருவிழாவுக்குப் போயிருக்கிறீர்களா? இல்லாவிட்டால் கோவையில் கோனியம்மன் தேருக்காவது போயிருப்பீர்கள். ராட்டினத்துக்கும் பொரி கடலைக் கடைக்கும் நடுவே, ஒரு பலகையில் வரிசை வரிசையாகப் பலூன்களைக் குத்தி வைத்துக்கொண்டு ஒருவர் நின்றிருப்பாரே, நினைவிருக்கிறதா? கையில் ஒரு பழைய துப்பாக்கியைக் கொடுப்பார். குழலை மடக்கி, குண்டைச் செருகி, குறி பார்த்துச் சுடுவீர்கள். பட்டென்று பலூன் உடைந்தால் உங்கள் பையனுக்கு நீங்கள்தான் அர்ஜுனன். உடையாவிட்டால், "துப்பாக்கி கோணல்" என்று சொல்லி மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு நகர்ந்துவிடுவீர்கள்.

அந்தத் துப்பாக்கிக்குள் வெடிமருந்து கிடையாது. இருப்பது ஒரு சுருள்வில். குழலை மடக்கும்போது வில் சுருங்குகிறது. விசையைத் தட்டினால் விரிந்து ஒரு பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் காற்றைத் தள்ளுகிறது. காற்று குண்டைத் தள்ளுகிறது. நாம் மூச்சு விடும் அதே காற்றுதான்! வீட்டில் குழந்தை ஊதி விளையாடும் காற்றுக்கு, அடைத்து வைத்தால் இத்தனை வீரம் வந்துவிடுகிறது.

திருவிழாவிலிருந்து ஒலிம்பிக்ஸ் வரை

2008 ஆகஸ்ட் 11-ஆம் தேதி பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கப் பதக்கம் வாங்கினாரே, அதுவும் காற்றுத் துப்பாக்கியால்தான். தனி மனிதராக ஒலிம்பிக்ஸ் தங்கம் வென்ற முதல் இந்தியர் அவர். சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012-ல் லண்டனில் அதே பத்து மீட்டர் போட்டியில் வெண்கலம் வாங்கினார். அந்த இலக்கின் நடுப்புள்ளி எவ்வளவு பெரிது தெரியுமா? குறுக்களவு அரை மில்லிமீட்டர். ஒரு கடுகு அதைவிடப் பெரிது!

இந்தத் துப்பாக்கிகளில் சுருள்வில் இல்லை. குழலுக்கு அடியில் ஒரு சிறு உருளை இருக்கும். அதில் முன்கூட்டியே காற்றை அழுத்தி அடைத்து வைத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு முறை சுடும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகும். அடைக்கும் அழுத்தம் 200 பார்; அதாவது சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 2900 பவுண்டு. உங்கள் வீட்டுக் காரின் டயரில் 30 பவுண்டுதான் இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். அதைப்போல் நூறு மடங்கு!

இது புதுமையும் அல்ல. 1780-ஐ ஒட்டி ஆஸ்திரியப் படையில் ஜிராண்டோனி என்பவர் செய்த காற்றுத் துப்பாக்கி பழக்கத்தில் இருந்தது. அதன் அடிக்கட்டையே காற்றுப் பாத்திரம். அதை நிரப்ப ஒரு சிப்பாய் கைப்பம்பை ஏறக்குறைய 1500 தடவை அடிக்க வேண்டும். எதிரி வருவதற்குள் அவனுக்குத் தோள் கழன்றிருக்கும், பாவம்! ஆனால் புகை இல்லை, பெரும் சத்தமும் இல்லை. இத்தகைய துப்பாக்கி ஒன்றை லூயிஸ், கிளார்க் என்ற இருவரும் 1804-ல் அமெரிக்காவின் மேற்கே நாடு காணப் போனபோது கூடவே கொண்டு போனார்கள்.

நம் ஊரும் காற்றும்

"இதற்கும் கோவைக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். நிறையவே இருக்கிறது.

கொங்கு நாடு மழையை நம்பி வாழ முடியாத மேட்டு நிலம். ஆகவே கிணறு, கிணறு என்றால் பம்பு, பம்பு என்றால் மோட்டார். 1932-ல் பைக்காராவிலிருந்து மின்சாரம் இறங்கி வந்த பிறகு, மில்களோடு சேர்ந்து பட்டறைகளும் பெருகின. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டித் தொழில் தொடங்கிய ஜி. டி. நாயுடு, அதிகம் படிக்காமலேயே இயந்திரங்களோடு பேசக் கற்றவர். பஸ் ஓடினால் டயர். டயர் என்றால் காற்று. 1960-ல் கோவையில் பிறந்த எல்ஜி கம்பெனியின் கம்ப்ரசர்கள் இன்று கடல் கடந்து போகின்றன.

கிராமப்புறத்தில் "கம்ப்ரசர் கிணறு" பார்த்திருப்பீர்கள். ஆழ்துளைக்குள் ஒரு சிறு குழாய் வழியாகக் காற்றை அனுப்புகிறார்கள். காற்றுக் குமிழிகள் தண்ணீரோடு கலக்கின்றன. கலந்த தண்ணீர் கனம் குறைந்து மேலே ஏறி வருகிறது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளோ இந்தியா முழுவதும் ஓடுகின்றன. பாறையைக் குடையும் சம்மட்டியை அடிப்பதும் காற்று. உடைந்த தூளை மேலே ஊதித் தள்ளுவதும் காற்று. ஆக, காற்றைக் கட்டி வேலை வாங்குவது நமக்குப் பரம்பரைத் தொழில் என்றே சொல்லிவிடலாம்.

பட்டறையில் ஒரு காலை

இப்போது கணபதிப் பக்கம் ஒரு லேத்துப் பட்டறைக்குள் என்னோடு வாருங்கள். கற்பனையாகத்தான், ஆனால் இதைப்போன்ற பட்டறையும் இதைப்போன்ற இளைஞனும் அங்கே உண்டு.

இளைஞனிடம் ஒரு காற்றுத் துப்பாக்கி இருக்கிறது. நிரப்புவதற்குப் பெரிய சிலிண்டரும் கிடைக்கிறது. ஆனால் சிலிண்டரின் வாய் ஒரு மரை; துப்பாக்கியின் வாய் வேறு மாதிரி. இரண்டையும் இணைத்து வைக்க, கல்யாணத் தரகர் மாதிரி நடுவில் ஒரு சாமான் வேண்டும். அடாப்டர் என்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் விலை. வந்து சேரவும் நாளாகும். "இத்தினியூண்டு பித்தளைத் துண்டுதானே, நாமே கடைந்துவிட்டால் என்ன?" என்று நோட்டுத் தாளில் படம் போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

பட்டறைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்க்கிறார்.

"ஏந் தம்பி, இதுல எத்தனை பிரஷரு வருமுங்க?"

"இருநூறு பாருங்கண்ணா."

அவர் தாளைக் கீழே வைத்துவிடுகிறார். "முதல்ல ஒரு டீ சாப்பிடலாம், வாங்க."

டீ ஏன் தெரியுமா? அவர் மனசுக்குள் கணக்குப் போடுகிறார். 200 பார் என்றால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மேலும் சுமார் 200 கிலோ பாரம். பத்து மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிறு அடைப்பானை எடுத்துக்கொண்டால், அதை வெளியே தள்ளும் விசை ஏறக்குறைய 157 கிலோ. இரண்டு அரிசி மூட்டைகள் உங்கள் சுண்டு விரல் அகலமுள்ள ஒரு ஆணியைப் பிடுங்கி எறியத் துடித்துக்கொண்டிருக்கின்றன! மரை இரண்டு சுற்று குறைந்தால் அந்த ஆணியே குண்டாகிவிடும்.

அடாப்டர் என்பது பார்வைக்கு எளிய பொருள்தான். நடுவே மெல்லிய துளையுள்ள ஓர் உடல். ஒரு முனையில் சிலிண்டருக்கான மரை. மறுமுனையில் ஒரு கம்பி. கம்பியில் இரண்டு காடிகள். காடிக்கு ஒன்றாக இரண்டு ரப்பர் வளையங்கள். ஓ-ரிங் என்பார்கள். வளையங்களுக்கு நடுவே ஒரு குறுக்குத் துளை. அதன் வழியே காற்று துப்பாக்கிக்குள் போகும். கூடவே அழுத்தம் காட்டும் கேஜ் ஒன்று. கடைசியாக, அடைபட்ட காற்றை வெளியேற்ற ஒரு சிறு திருகாணி. இந்தத் திருகாணியை மறந்துவிட்டால், நிரப்பிய பிறகு அடாப்டரைக் கழற்றவே முடியாது. பலவந்தமாகக் கழற்றினால் அது கழலாது, பறக்கும்.

எளிமைக்குள்தான் சூட்சுமம். காடியின் ஆழம் ஒரு நூல் அதிகமானால் ரப்பர் அமுங்காது, காற்று கசியும். குறைந்தால் ரப்பர் நசுங்கி அறுபடும். குறுக்குத் துளையின் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு இருந்தால் போதும், ஓ-ரிங்கை அது பிளேடு மாதிரி சீவிவிடும். உலோகம் எது, அது எந்தக் கம்பெனியில் உருக்கியது, தாங்கும் சக்தி என்ன என்ற சீட்டு இல்லாமல், காயலான் கடையில் கிடைத்த கம்பியை லேத்தில் மாட்டுவது விளையாட்டல்ல.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். இந்தச் சிலிண்டர்களில் 200 பாருக்கு ஒரு வாய், 300 பாருக்கு ஒரு வாய் என்று ஜெர்மன் முறையில் வகுத்திருக்கிறார்கள். மரை இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் 200 பார் மூக்கு சற்றுக் குட்டை. அதைக் கொண்டுபோய் 300 பார் வாயில் திருகினால் அடிவரை எட்டாது, காற்று அடைபடாது. அறியாதவன் தவறு செய்தாலும் இரும்பே அவனைத் தடுத்துவிடுகிறது! வீட்டில் அடாப்டர் கடைபவர், "கொஞ்சம் நீளமாக இருக்கட்டுமே" என்று கடைந்துவிட்டால், அந்தக் காவல்காரனைத் தானே கொன்றவர் ஆகிறார்.

தண்ணீர்தான் நீதிபதி

"செஞ்சு முடிச்சிட்டா காத்தைவுட்டுப் பாத்துரலாமுங்களா?" என்கிறான் பையன்.

"காத்தவா? வேண்டாங்க தம்பி. தண்ணியவுட்டுப் பாருங்க."

இது அனுபவ வாக்கு. ஒரு லிட்டர் பாத்திரத்தில் 200 பார் காற்றை அடைத்தால், அதில் அடங்கியிருக்கும் சக்தி 60 கிலோ எடையுள்ள ஓர் ஆளை அறுபது மீட்டர் உயரத்துக்குத் தூக்கப் போதுமானது. பாத்திரம் பிளந்தால் அத்தனையும் ஒரு நொடிக்குள் வெளிப்படும். தண்ணீர் அப்படியல்ல. அதே 200 பாருக்கு அழுத்தினாலும் அது நூற்றுக்கு ஒரு பங்குகூடச் சுருங்காது. ஆகவே அதற்குள் சக்தி தங்குவதில்லை. உலோகம் பிளந்தால் ஒரு சீறல், கொஞ்சம் ஈரம், அவ்வளவுதான்.

எனவேதான் உள்ளே ஒரு குமிழிகூட இல்லாமல் தண்ணீரை நிரப்பி, கையால் அடிக்கும் ஹைட்ராலிக் பம்பினால் வேலை அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்குக்கு, அதாவது 300 பாருக்கு, ஏற்றிச் சற்று நேரம் நிறுத்தி வைக்கிறார்கள். அதற்கு முன்னும் பின்னும் மைக்ரோமீட்டரால் உடலை அளக்கிறார்கள். ஒரு மயிரிழை வீங்கியிருந்தாலும் அது குப்பைக்குத்தான். பெரிய சிலிண்டர்களையும் குறித்த காலத்துக்கு ஒருமுறை இப்படியே சோதித்து, தேதியை அதன் கழுத்திலேயே பொறிக்கிறார்கள். வாங்கும்போது விலைக்கு முன்னால் அந்தத் தேதியைப் பாருங்கள்.

மூன்று "கூடாது"கள்

முதலாவது: எண்ணெய் கூடாது. ஆயில் எஞ்சின் வைத்திருக்கும் விவசாயி இதை உடனே புரிந்துகொள்வார். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை இறுக்க இறுக்க அது சுடுகிறது. அந்தச் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்கிறது. அடாப்டரில் தடவிய மெஷின் எண்ணெய்க்கும் இதே கதிதான். வால்வை விசுக்கென்று திறந்தால் உள்ளே ஒரு குட்டி எஞ்சின் வெடித்துவிடும். ஓ-ரிங்குக்குச் சிலிக்கோன் கிரீஸ்தான் தடவ வேண்டும். வால்வை ஆமை வேகத்தில் திறக்க வேண்டும்.

இரண்டாவது: ஆக்ஸிஜன் கூடாது. வெல்டிங் பட்டறை மூலையில் கறுப்புச் சிலிண்டர் சும்மாதானே நிற்கிறது என்று சிலருக்கு ஆசை வரும். தூய ஆக்ஸிஜன் அழுத்தத்தோடு வந்தால் எண்ணெய் மட்டுமல்ல, ரப்பரும் எரியும், உலோகமும் எரியும். அந்த ஆசையை அங்கேயே புதைத்துவிடுங்கள்.

மூன்றாவது: விளையாட்டுக் கூடாது. மில்லிலும் பட்டறையிலும் வேலை முடிந்ததும் காற்றுக் குழாயால் சட்டைத் தூசியை ஊதிக்கொள்வது வழக்கம். பிறகு பக்கத்தில் நிற்பவன் மேல் பீய்ச்சிச் சிரிப்பது. உடம்புக்குள் காற்றைச் செலுத்திவிட்ட அந்த ஒரு நொடிச் சிரிப்பால் குடல் கிழிந்து வாலிபர்கள் இறந்த செய்தி நம் நாட்டுப் பத்திரிகைகளில் பல தடவை வந்திருக்கிறது. அது துப்பாக்கியில் இருப்பதைப்போன்ற 200 பார் அல்ல. சாதாரணக் கம்ப்ரசர் காற்று! உங்கள் வீட்டுப் பிள்ளை பட்டறை வேலைக்குப் போகிறானா? இன்று இரவு சாப்பாட்டின்போது இதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழலின் துளை 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போனாலோ, குண்டின் வேக சக்தி 20 ஜூலுக்கு மேல் போனாலோ உரிமம் தேவை. குருவியையும் அணிலையும் சுடுவது வீரம் அல்ல. காகித இலக்கில் அந்த அரை மில்லிமீட்டர் புள்ளியைத் தொடுவதுதான் வீரம்.

சரி, நம் இளைஞன் என்ன ஆனான்? டீ ஆறிவிட்டது. பட்டறைக்காரர் நோட்டுத் தாளை மடித்து அவன் சட்டைப் பையிலேயே வைக்கிறார்.

"மரை போடற முனையும், வளையம் போடற கம்பியும் சோதிச்ச சரக்கா வாங்கிக்குங்க. கேஜ் மாட்டற கட்டை, சிலிண்டர் நிக்க ஸ்டாண்டு, இதெல்லாம் நாம கடைஞ்சுக்கலாமுங்க. கைத்தொழில் தெரிஞ்சவனுக்கு எதைச் செய்யோணும்னு தெரிஞ்சாப் போதாது, எதைச் செய்யக்கூடாதுன்னும் தெரியோணும்."

காங்கயம் காளையை வளர்த்தவர்கள் நாம். அதன் பலத்தைக் கண்டு பயந்து நாம் ஏரைக் கீழே போட்டுவிடவில்லை. பலம் தெரிந்ததால்தான் மூக்கணாங்கயிறு போட்டோம். கயிறு இற்றுப்போயிருக்கிறதா என்று தினமும் காலையில் தடவிப் பார்த்தோம். காற்றும் ஒரு காளைதான். கண்ணுக்குத் தெரியாத காளை. ஆகவே கயிற்றை இன்னும் ஒருமுறை கூடுதலாகத் தடவிப் பாருங்கள்!